கன்சல்டன்சியா, தொழிற்சாலையா: இயந்திரவியல் பட்டதாரியின் முதல் வேலை

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இடம் கிடைத்திருக்கிறது, ஜார்ஜ்டவுனிலோ கோலாலம்பூரிலோ கட்டடச் சேவைகளை வடிவமைக்கும் ஒரு கன்சல்டன்சியும் நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறது, எதற்குப் போவது என்று இறுதியாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் தொழிற்சாலையில் உபகரணப் பொறியாளராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, கட்டடங்களின் இயந்திர, மின் சேவைகளை வடிவமைக்கும் நிறுவனத்துக்கு மாறியவன். இப்போது பெரும்பாலும் ஆலைகளுக்கே குளிரூட்டலும் தீயணைப்பு அமைப்பும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தையும் நிறுவனத்தின் பெயரையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் மூன்று ஆண்டுகளில் யாருக்குக் கீழே வேலை பழகப் போகிறீர்கள், எந்தக் கணக்கை நீங்களே போடப் போகிறீர்கள் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

கோலாலம்பூரின் மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களும் பொறியியல் பட்டதாரிகளை எடுக்கின்றன. அங்கே வேலை எக்செலும் ஸ்லைடுகளும் வாடிக்கையாளர் கூட்டங்களும்தான். கணக்கில் வேகமும் பேச்சில் தெளிவும் உள்ளவர்கள் அதில் நன்றாக முன்னேறுகிறார்கள்; ஆனால் பொறியியலை விட்டு வெளியேறுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். இங்கே நான் பேசுவது அதைப் பற்றியன்று, ‘எம் அண்ட் இ’ (இயந்திர, மின் சேவைகள்) என்று நாம் சொல்லும் கட்டடச் சேவைக் கன்சல்டன்சியைப் பற்றி.

தொழிற்சாலைப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் உருவானபோது இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட்-பேக்கர்ட் முதலிய நிறுவனங்கள் வந்து இறங்கின. அவற்றைச் சுற்றி, உற்பத்தியின்போது பாகங்களைப் பிடித்து வைக்கும் ஜிக்கும் ஃபிக்ஸ்சரும் வெட்டிக் கொடுக்கும் உள்ளூர்ப் பட்டறைகள் தோன்றின. இன்று பென்டாமாஸ்டர், வைட்ராக்ஸ் போன்ற பினாங்கு நிறுவனங்கள் தானியங்கி இயந்திரங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் தாங்களே வடிவமைத்து வெளிநாடுகளுக்கு விற்கின்றன. ஆகவே உற்பத்தித் துறை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. உற்பத்தி லைனின் விளைச்சலை, அதாவது பழுதின்றி வெளிவரும் பொருட்களின் விகிதத்தைக் கவனிக்கும் ப்ராசஸ் பொறியாளர், மெஷின் நிற்காமல் ஓடுவதற்குப் பொறுப்பான உபகரணப் பொறியாளர், புதிய மெஷினை வரைந்து கட்டும் வடிவமைப்புப் பொறியாளர் ஆகிய மூவரின் நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சாலிட்வொர்க்ஸ் வரைவு மென்பொருளில் வரைவதுதான் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே முதல் வகை வேலையை ஏற்று, ஓராண்டிலேயே சலித்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலைக் கடிதத்தில் உள்ள பதவிப் பெயரை நம்பாமல், வாரத்தில் எத்தனை மணி நேரம் எந்த மேசையில் அல்லது எந்த மெஷின் அருகில் இருப்பேன் என்று நேர்முகத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

லைன் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சிப்புகளை எடுத்துச் சோதனைக்கு வைக்கும் பரிசோதனை ஹேண்ட்லர் ஒன்றில், சிப்பை உறிஞ்சித் தூக்கும் சிறிய ரப்பர் கப் தேய்ந்துவிட்டால் அவ்வப்போது ஒரு சிப் கோணலாக இறங்கும். மெஷின் சிக்கி நிற்கும். டெக்னீசியன் கதவைத் திறந்து, சிப்பை எடுத்துப் போட்டுவிட்டு மீண்டும் ஓட்டுவார். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம்தான் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலைக் கூட்டத்தில் முந்தைய ஷிப்டின் நிமிடங்களைக் கூட்டித் திரையில் போடும்போதுதான் அந்த ஒரே மெஷின் எவ்வளவு நேரத்தைத் தின்றிருக்கிறது என்பது தெரியும். கப்பை மாற்றச் சொல்வதோடு பொறியாளரின் வேலை முடிவதில்லை. பக்கத்து மெஷினில் தேயாத கப் இதில் மட்டும் ஏன் தேய்கிறது? இறங்கும் உயரம் இம்மியளவு அதிகமாக அமைக்கப்பட்டிருக்கலாம், ட்ரே வளைந்திருக்கலாம், காற்றழுத்தம் சில நேரங்களில் குறையலாம். ஒவ்வொன்றையும் அளந்து, காரணமில்லாதவற்றை விலக்கி, மிஞ்சியதைத் திருத்தினால் மறுநாள் கூட்டத்திலேயே எண் இறங்கியிருக்கும். இவ்வளவு விரைவாக விடை கிடைக்கும் வேலை பொறியியலில் அதிகம் இல்லை. அதற்கான விலை நள்ளிரவுத் தொலைபேசி அழைப்பு. தீபாவளிக்கு முந்தின இரவும் அதற்கு விதிவிலக்கில்லை.

கன்சல்டன்சியில் விடை வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். நீங்கள் இன்று கணக்கிடும் குளிர்ப்பளுவுக்கு (கட்டடத்திலிருந்து அகற்ற வேண்டிய வெப்பத்துக்கு) ஏற்ற சில்லர் என்னும் நீர்க்குளிர்விப்பு இயந்திரம், வரைபடம், டெண்டர், ஒப்பந்ததாரர், கட்டுமான இடத்தில் நடக்கும் மாற்றங்கள் என எல்லாவற்றையும் கடந்து என்றோ ஒருநாள் ஓடும்போதுதான் உங்கள் கணக்கு சரியா என்பது தெரியும். இடைப்பட்ட காலத்தில் வேலையின் பெரும்பகுதி விதிகளோடும் மற்றத் துறையினரோடும் நடப்பது. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச்சட்டங்களின்படி, ஒரு கட்டடத்தின் மேல்தளம் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் மட்டத்திலிருந்து 18.3 மீட்டருக்கு மேலும் 30.5 மீட்டருக்குள்ளும் இருந்தால் வழக்கமாகக் காலியாக இருந்து, தீயின்போது வண்டியிலிருந்து நீரேற்றப்படும் ட்ரை ரைசர் குழாய் போதும், 30.5 மீட்டரைத் தாண்டினால் எப்போதும் நீர் நிறைந்திருக்கும் வெட் ரைசரும் அதற்கான பம்புகளும் தொட்டியும் வேண்டும். கட்டட வடிவமைப்பாளர் கூடுதலாக ஒரு தளத்தைச் சேர்க்கும் முடிவு, இந்த எல்லையைத் தாண்டிவிட்டால், பம்ப் அறைக்கு இடம் தேடும் தலைவலியாக உங்கள் மேசைக்கு வந்து சேரும்.

அதைவிட அன்றாடமான போராட்டம் உள்கூரைக்கும் உத்திரத்துக்கும் இடையில் நடக்கிறது. தளத்துக்குத் தளம் 3.6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்திரம் தளத்தின் தடிமனையும் சேர்த்து 600 மில்லிமீட்டர் இறங்குகிறது; அதன் அடிக்கு 3.0 மீட்டர். கட்டட வடிவமைப்பாளர் 2.7 மீட்டர் உயரத்தில் உள்கூரை வேண்டும் என்கிறார். மிஞ்சுவது 300 மில்லிமீட்டர். அதற்குள் காப்புறை சுற்றிய காற்றுக்குழாய், ஸ்பிரிங்க்ளர் குழாய், கேபிள் ட்ரே, விளக்குகள், உள்கூரையின் சட்டம் அனைத்தும் போக வேண்டும். குழாயைத் தட்டையாக்கினால் உராய்வு கூடி விசிறியின் மின்செலவு ஏறும். வேறு வழியில் திருப்பினால் செலவு கூடும். உத்திரத்தில் துளை கேட்டால் கட்டுமானப் பொறியாளர் முகம் சுளிப்பார். வெப்ப இயக்கவியலில் வாங்கிய மதிப்பெண் இவர்கள் அனைவரையும் ஒரே மேசையில் சம்மதிக்க வைக்க உதவாது. பேசி, வரைந்து காட்டி, விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுக்கக் கூடாத இடத்தில் நிற்கத் தெரிந்தவர்களுக்கு இது மிக நல்ல துறை. பிறரிடம் கெஞ்சுவதே வேலையாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இது நரகம்.

இனி பதிவு விஷயம். மாணவர்கள் மிகக் குறைவாக யோசிப்பதும் பின்னாளில் மிக அதிகமாக வருந்துவதும் இதைப் பற்றித்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1967-ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின் கீழ், அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர்கள் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் முதலில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள் நடைமுறை அனுபவம் சேர்ந்த பின் தொழில்சார் மதிப்பீட்டுத் தேர்வை எழுதித் தேறினால் நிபுணத்துவப் பொறியாளர் ஆகலாம். அதற்கும் மேலே, திறனாளர் தேர்வில் தேறித் தொழில் நடத்தும் சான்றிதழ் பெற்றவர்கள்தான் வரைபடங்களில் கையெழுத்திட்டு அதிகாரிகளிடம் சமர்ப்பிக்கவும், சொந்தமாகக் கன்சல்டன்சி தொடங்கவும் முடியும். அனுபவத்தை மதிப்பிடும்போது வடிவமைப்பு, களப்பணி இரண்டையும் பார்ப்பார்கள். அனுபவம் பதிவுபெற்ற பொறியாளரின் மேற்பார்வையில் பெறப்பட்டதா என்பதும் கவனிக்கப்படும். கன்சல்டன்சியில் இந்த ஏற்பாடு இயல்பாகவே அமைந்திருக்கும், ஏனெனில் அங்கே கையெழுத்திடும் பொறியாளர் இல்லாமல் தொழிலே நடக்காது. தொழிற்சாலையில் அப்படியில்லை. உங்கள் மேலாளர் இருபது ஆண்டு அனுபவசாலியாக இருந்தும் பதிவுபெறாதவராக இருக்கலாம். அப்போது வெளியே உள்ள நிபுணத்துவப் பொறியாளர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளும் வழியைத் தேட வேண்டியிருக்கும், அதற்குத் தொடக்கத்திலேயே முனைய வேண்டும். எந்த வேலைக்குப் போனாலும் பட்டம் கைக்கு வந்தவுடன் பதிவை முடித்துவிட்டு, செய்த வேலைகளை மாதந்தோறும் கணக்குகளோடும் வரைபடங்களோடும் எழுதி வைத்து, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பின்னால் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதப்படும் அறிக்கை, மதிப்பீட்டுத் தேர்வின் நேர்முகத்தில் கேட்கப்படும் இரண்டாவது கேள்விக்கே தாங்காது.

வீட்டில் நடக்கும் பேச்சையும் சொல்ல வேண்டும். நம்மவர்களில் பலருடைய தாய்மார்களும் அத்தைமார்களும் பட்டர்வொர்த், பிறை வட்டாரத்திலிருந்து ஆலைப் பேருந்தில் ஏறி, ஷிப்டு வேலை செய்து நம்மைப் படிக்க வைத்தவர்கள். மகன் பட்டம் பெற்றும் மறுபடி ஃபேக்டரிக்கா என்று அவர்கள் முகம் வாடுவது புரிந்துகொள்ளக்கூடியதே. அந்த வாட்டத்துக்காக மட்டும் ஒருவர் கன்சல்டன்சிக்குப் போகக் கூடாது. முடிந்தால் ஆலையின் குடும்ப நாளில் அம்மாவை அழைத்துச் சென்று, நீங்கள் கவனிக்கும் மெஷினைக் காட்டிவிடுங்கள். நீங்கள் சொல்லும் எந்த விளக்கத்தையும்விட அது நன்றாக வேலை செய்யும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பன்னாட்டு ஆலைகள் பெரும்பாலும் தொடக்கத்தில் கூடுதலாகவே தருகின்றன, போனசும் மருத்துவச் சலுகையும் நன்றாக இருக்கும். கன்சல்டன்சியின் வருமானம் திட்டங்களின் கட்டணத்தைச் சார்ந்தது. கட்டுமானம் மந்தமானால் சம்பள உயர்வும் மந்தமாகும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவரை வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி ஓவர்டைம் கோரும் உரிமை உண்டு, வாராந்திர வேலை நேரத்தின் உச்சவரம்பு 2023 முதல் 45 மணி. இரண்டு துறைகளிலும் புதியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாமா என்றால், மாறலாம், ஆனால் எல்லா இடத்திலிருந்தும் ஒரே எளிமையில் அன்று. ஆலைக் கட்டடத்தின் சேவைகளைப் பராமரிக்கும் ஃபெசிலிட்டி துறைதான் சிறந்த பாலம். சில்லர், அழுத்தக் காற்று, தூய அறையின் காற்றோட்டம், தீயணைப்பு பம்ப் என அங்கே கவனிக்கும் அனைத்தையும் கன்சல்டன்சியும் வடிவமைக்கிறது. ஓடும் அமைப்பைப் பராமரித்தவர் வரையும் வரைபடத்தில், வால்வைத் திறக்க ஆள் கை நுழையும் இடம் இருக்கும்; அந்த வித்தியாசத்தை ஒப்பந்ததாரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மாறாக, ஒரே வகைச் சிப் பொதியிடும் செயல்முறையில் ஏழெட்டு ஆண்டுகள் ஊறியவர் கன்சல்டன்சிக்கு வந்தால் ஏறக்குறைய புதியவராகவே தொடங்க வேண்டியிருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே இப்போது இன்னொரு வேலையும் வளர்கிறது: 2025 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 21,600 கிகாஜூலும் அதற்கு மேலும் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவுபெற்ற ஆற்றல் மேலாளரை நியமிக்க வேண்டும். மெஷினையும் கட்டடத்தையும் ஒருசேரப் புரிந்துகொண்ட இயந்திரவியலாளருக்கு அது பொருத்தமான இடம்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் தொழிற்பயிற்சியை ஒரு பக்கத்திலும் இறுதியாண்டுத் திட்டப்பணியை மறுபக்கத்திலும் அமைத்துக்கொண்டால் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிடலாம். கன்சல்டன்சி நேர்முகத்தில் காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காட்டும் சைக்ரோமெட்ரிக் வரைபடத்தை முன்னால் வைத்து, வெளிக்காற்றும் திரும்பும் காற்றும் கலக்கும் புள்ளியைக் குறிக்கச் சொல்வது வழக்கம். ஒரு தளத்தின் வரைபடத்தைக் கொடுத்து உங்களுக்கு என்ன தெரிகிறது என்றும் கேட்பார்கள். தொழிற்சாலையில் ஒரு கோளாறைச் சொல்லி, எதை முதலில் அளப்பீர்கள் என்பார்கள். அங்கே சரியான விடையைவிட வரிசையைத்தான் கவனிக்கிறார்கள். காரணங்களை வகைப்படுத்திக் காட்டும் மீன்முள் வரைபடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துபவர்களை அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. மெஷின் பயிற்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் சில ஆலைகள், திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்குகின்றன. கையெழுத்திடும் முன் அந்தக் காலம் எவ்வளவு, இடையில் விலகினால் திருப்பித் தர வேண்டிய தொகை மாதந்தோறும் குறையுமா அல்லது முழுதாக நிற்குமா என்று படித்துப் பாருங்கள். பதிவுத் தேர்வுக்கான மூன்று ஆண்டுக் கணக்கையும் அந்தத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட்டுவிட்டு மனிதவளத் துறைக்குப் பதில் அனுப்புங்கள்.