வலப்பக்கத்து டயர் இரண்டு முறை வெடித்தது

முதல் டயர் வெடித்தது ஆவணியில், ஈப்போவுக்கு ஒரு கல்யாணச் சமையலுக்குப் போகும்போது. பட்டர்வொர்த்திலிருந்து பதினொரு மணிக்குக் கிளம்பினோம். ஹைலக்ஸ் பிக்கப்புக்குப் பின்னால் எங்கள் கேட்டரிங் ட்ரெய்லர். சங்காட் ஜெரிங் தாண்டி கோலகங்சார் வருவதற்குள், தகரக் கொட்டகையை உலக்கையால் அடித்த மாதிரி பின்னால் ஒரு சத்தம். ட்ரெய்லர் வலப்பக்கம் இழுத்தது. என் கணவர் பிரேக்கைத் தொடவில்லை. எண்ணெய்ப் பெடலிலிருந்து (ஆக்சிலரேட்டர்) காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டினார். இருபது வருடம் லோரி ஓட்டிய கை அது. வேறு யாராவது ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

இறங்கிப் பார்த்தால், டயரின் மேல்பட்டை வாழை மட்டை உரிந்ததுபோல முழுசாகக் கழன்று, கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அது சுழன்று அடித்ததில் மட்கார்ட் கிழிந்து, பின்விளக்கு வயரும் அறுந்துவிட்டது. கேஸ் குழாய் அங்கிருந்து அரை அடி தூரத்தில்தான் போகிறது.

பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு எண்கள் 2316. அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ட்ரெய்லரைக் கைமாற்றாக வாங்கியபோது பட்டை ஆழமாக இருந்ததால் டயர் நல்லது என்று நம்பிவிட்டோம். விரலால் தேய்த்துப் பார்த்தால் பக்கச்சுவர் முழுக்க மயிரிழை வெடிப்புகள். ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட, வெயிலில் நின்றே கெடுவதுதான் அதிகம். சரி, பழைய டயர், அதனால் வெடித்தது என்று முடிவு கட்டி, ஈப்போவிலேயே அதே அளவில் புது டயர் ஒன்று வாங்கி மாட்டினோம்.

மூன்று வாரம் கழித்து, ஜெலுத்தோங் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போகும்போது பினாங்கு பாலத்தின் நடுவில் அந்தப் புது டயரும் வெடித்தது. புது டயரில் முடி முடியாக நிற்குமே ரப்பர், அதுகூட முழுசாக உதிர்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு லோரி கடக்கும்போதும் காலுக்கடியில் பாலம் அதிர, ரோந்து வண்டி வரும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மண்டபத்தில் 400 பேருக்குச் சாப்பாடு. என் தங்கை வேன் கொண்டுவந்து பாத்திரங்களை மாற்றி ஏற்றியதால்தான் மானம் தப்பியது.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு முறையும் வலப்பக்கம்.

பிறையில் டயர் கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கிழிந்த டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அக்கா, இந்த ட்ரெய்லர் எவ்வளவு கனம்னு தெரியுமா?" தெரியாது. "கனம் தெரியாம நான் எந்த டயரைக் கொடுக்கிறது?"

மறுநாள் வழக்கமாக ஏற்றும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, சிம்பாங் அம்பாட்டில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். லோரி நிறுக்கும் மேடை அங்கே உண்டு. கடை முதலாளி தவுக்கே காசு வாங்கவில்லை. ஹைலக்ஸைக் கழற்றாமல் ட்ரெய்லரின் இரண்டு சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினோம்: 1,240 கிலோ. அடுத்து வலது சக்கரம் மட்டும் மேடைமேல், இடது சக்கரம் அதே மட்டத்தில் வெளியே. 700 கிலோ. அப்படியென்றால் இடப்பக்கம் 540.

எங்கள் டயரில் எழுதியிருந்தது 185/70 ஆர்14 88டி. அந்த 88தான் சுமைக் குறியீடு. ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அதுவும் காருக்கு. அமெரிக்காவில் கார் டயரை ட்ரெய்லரில் போட்டால் அந்தக் கணக்கை 1.1ஆல் வகுக்கச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 509தான். அந்த டயர்மேல் நாங்கள் 700 கிலோ வைத்து வெயிலில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருக்கிறோம். சுமை மிஞ்சினாலும் சரி, காற்று குறைந்தாலும் சரி, பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அதில் சூடு ஏறி, உள்ளே இருக்கும் கம்பிப் பட்டை ரப்பரை விட்டுப் பிரிகிறது. டயர் புதிதாக இருந்தும் எங்களைக் காப்பாற்றாமல் போனதற்கு இதுதான் காரணம்.

வலப்பக்கம் ஏன் அவ்வளவு கனம்? 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு கேஸ் தோம்பு (சிலிண்டர்), கிரைண்டர், எல்லாமே அந்தப் பக்கம்தான். இப்போது தண்ணீரை மண்டபத்தில் போய்த்தான் பிடிக்கிறோம். அதிலேயே 100 கிலோ போயிற்று. கிரைண்டரையும் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி வைத்து மறுபடி எடை பார்த்தோம். வலது 590, இடது 550.

அப்புறம்தான் டயர் பேச்சு. என் மகன் அமெரிக்க டயர்களைப் பற்றித் தேடிப் பார்த்தான். அங்கே ட்ரெய்லருக்கென்றே எஸ்டி என்று எழுதிய டயர்கள் உண்டு. பக்கச்சுவர் விறைப்பானது. ஆனால் வேகக் குறியீடு தனியாக இல்லாத பழைய வகைகளுக்கு மணிக்கு 65 மைல்தான் உச்சம், அதாவது 105 கிலோமீட்டர். நாங்கள் ஏறி இறங்கிய கடைகள் எதிலும் அது இல்லை. பிறைத் தம்பி எடுத்துக் காட்டியது வேன்களுக்குப் போடும் 185ஆர்14சி, 8பிஆர் (பிஆர் என்பது டயரின் பலத்துக்கான குறி). 14க்குப் பின்னால் இருக்கும் 'சி' எழுத்துதான் முக்கியம், சரக்கு வண்டிக்கு என்று அர்த்தம். சுமைக் குறியீடு 102/100. ட்ரெய்லரில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் என்பதால் முதல் எண்தான் நமக்கு, 850 கிலோ. எங்கள் 590க்கு அது தாராளம்.

ஒன்றைக் கவனிக்கச் சொன்னார், நல்ல வேளை. எண்களில் இரண்டும் 185, 14 என்று ஒரே மாதிரி இருந்தாலும், வேன் டயர் உயரம். எங்கள் பழைய டயரைவிட விட்டம் சுமார் 35 மில்லிமீட்டர் அதிகம். அப்படியே மாட்டினால் மேலே இருந்த இடைவெளியில் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் குறைந்து, பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டில் உரசும். வெல்டிங் கடையில் மட்கார்டை ஒரு அங்குலம் உயர்த்தினோம். பழைய கார் ரிம்மையும் விட்டுவிட்டு வேன் ஸ்டீல் ரிம் வாங்கினோம், ஏனென்றால் ரிம்முக்கும் சுமைக்கணக்கு உண்டு. நட்டுத் துளைகள் எங்கள் ஹப்போடு பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். வால்வும் மாற்றினோம். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வரைக்கும்தான், இந்த டயரின் உச்சமும் அதே 65. விளிம்பில் நிற்க வேண்டாம் என்று திருகி இறுக்கும் உலோக வால்வு போட்டோம்.

முதலில் கொண்டுவந்த ஜோடியில் ஒன்று இரண்டு வருடம் பழையது. வேண்டாம் என்றேன், மாற்றிக் கொடுத்தார்கள். இன்னொரு கடையில் பாதி விலைக்கு செலுப் டயர், அதாவது பழைய டயரில் புதுப் பட்டை ஒட்டியது, போடலாம் என்றார்கள். பட்டை உரிந்ததைக் கண்ணால் பார்த்த எனக்கு, பட்டை ஒட்டிய டயரை அதே இடத்தில் மாட்ட மனம் வரவில்லை. ஒரு டயர் 240 வெள்ளி, ஸ்பேரோடு சேர்த்து மூன்று வாங்கினோம். ஸ்பேரும் அதே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவழியில் அது இருந்தும் பயனில்லை.

இப்போது 60 பிஎஸ்ஐ வைக்கிறோம். காலையில், வண்டி நகர்வதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடானால் அளவு ஏறிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. வேகம் 85ஐத் தாண்டுவதில்லை. நின்றிருக்கும் நாட்களில் டயர்கள்மேல் பழைய கான்வாஸ் போட்டு மூடி வைக்கிறேன்.

சென்ற வாரம் மறுபடி ஈப்போ. சுங்கை பேராக் ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் நிறுத்தி, இரண்டு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். வலதும் இடதும் ஒரே சூடு, வெயிலில் காய்ந்த எவர்சில்வர் தட்டு அளவுக்குத்தான். என் கணவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். போகலாம் என்று கையைக் காட்டினேன்.