கன்னத்தில் ஒரு துருத்தி

சுரங்கப் பாதை வாசலில் ஒருவர் டிஜெரிடூ என்னும் நீண்ட மரக்குழலை வாசித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவருடைய கன்னங்களின் மேல்தான் கண். உப்புகின்றன, ஒட்டுகின்றன, ஒலி மட்டும் அறுபடவே இல்லை. வாயில் தேக்கிய காற்றைக் கன்னத்தால் தள்ளிக்கொண்டே, அதே நொடியில் மூக்கால் மூச்சை இழுக்கிறார். முயன்று பாருங்கள், புரையேறும்.

வட ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் வாத்தியம் அது. யூகலிப்டஸ் மரத்தைக் கரையான் உள்ளே அரித்துக் குழலாக்கிவிடும். மனிதர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்து, வெட்டிச் செதுக்கி, வாய் வைக்கும் முனையில் தேன்மெழுகு பூசுகிறார்கள். பாதி வேலை பூச்சியுடையது!

பக்கத்தில் ஹேண்ட்பேன், கையால் தட்டி வாசிக்கும் உலோக வாத்தியம். பார்த்தால் ஏதோ புராதனக் கோயில் பாத்திரம் போலத் தெரியும். ஆனால் அதன் மூலவடிவமான ஹாங் பிறந்ததே 2000ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில்.

முன்னால் வைத்திருந்த அட்டையில் ‘தியான இசை’ என்று எழுதியிருந்தது. அங்கேதான் எனக்கு இடித்தது. டிஜெரிடூ தன் சொந்த மண்ணில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணை நிற்கும் வாத்தியம். கங்காருவைப் போலவும் பறவையைப் போலவும் ஆடுகிறவர்களுக்கு அதுவும் தாளம். ஊர் விட்டு ஊர் வந்ததும் அதன் முன்னால் கண்களை மூடி உட்காரச் சொல்கிறோம்.

நான் மூடவில்லை. காலும் சும்மா இருக்கவில்லை.