இளவரசிக்குப் புருவம் இறங்காது

நான் அனிமேட்டர். வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஷாட் செய்து கொடுக்கும் சென்னை ஸ்டூடியோக்களில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கதை, பாத்திர வடிவமைப்பு, குரல் பதிவு எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். எங்களிடம் வந்து சேரும்போது காட்சிகளைப் படம் படமாக வரைந்த ஸ்டோரிபோர்டு, அதை நேரக்கணக்கோடு ஓட்டிக் காட்டும் அனிமேட்டிக், வசன ஆடியோ, பாத்திரத்தின் ரிக் என்று சகலமும் தயாராக இருக்கும். ரிக் என்பது கணினிப் பொம்மைக்குள் இருக்கும் எலும்புக்கூடும் அதை அசைப்பதற்கான பிடிகளும். அந்தப் பொம்மையை நடக்க வைப்பதும் அழ வைப்பதும் எங்கள் வேலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடர் வந்தது. பழைய தேவதைக் கதைகளைத் தலைகீழாகப் புரட்டிச் சொல்வதுதான் அதன் சரக்கு. டிராகனுக்கு உயரம் என்றால் பயம். இளவரசனுக்கு வாள் பிடிக்க வராது, கரண்டி பிடிப்பான். இளவரசி கோபுரத்தில் யாருக்காகவும் காத்திருக்க மாட்டாள், கதவை அவளே உடைத்துக்கொண்டு வருவாள். கிளையன்ட் அனுப்பிய குறிப்பில் அவளுடைய துணிச்சலைப் பற்றியே ஒரு பக்கம் இருந்தது. சரி, நல்ல வேலைதான் என்று ரிக்குகளைத் திறந்தோம்.

இளவரசனின் புருவத்தைக் கண்ணிமை வரை இழுக்கலாம். தாடையை நெஞ்சு வரை தொங்கவிடலாம். கன்னம் அமுங்கும், மூக்கு சுருங்கும், கழுத்து நீளும். இளவரசியின் புருவமோ பாதி வழியில் நின்றுவிட்டது. வாய் ஓர் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மூக்கைச் சுருக்கக் கன்ட்ரோலே இல்லை. ரிக்கிங் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இல்லண்ணா, லிமிட் போட்டிருக்கு. மாடல் ஷீட்டைப் பாருங்க" என்றான். பார்த்தேன். பாத்திரத்தின் தோற்றத்தையும் முகபாவங்களையும் வரைந்து காட்டும் தாள் அது. கோபம் என்று பெயரிட்டு ஒரு முகம் வரைந்திருந்தார்கள், செல்லமாகக் கோபித்துக்கொண்ட மாதிரி. எந்த உணர்ச்சியிலும் முகம் கோணக் கூடாது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

டிராகனோடு சண்டை போடப் போகிறவள் அவள்தான்.

இந்த வகைப் படங்களில் கதை எங்கே புரள்கிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு உடம்பு எங்கே புரள்கிறது, எங்கே புரளாமல் நிற்கிறது என்பதுதான் கண்ணில் படும். கதையைப் புரட்ட ஒரு திரைக்கதை போதும். உடம்பைப் புரட்ட மாடலர், ரிக்கர், அனிமேட்டர், சூப்பர்வைசர், பொம்மை விற்கும் பிரிவு என்று அத்தனை பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வரிசையில் எங்கேயோ ஓர் இடத்தில் பழைய இளவரசி பத்திரமாக உட்கார்ந்திருப்பாள்.

பழைய இளவரசி என்று சொல்கிறோமே, அவளும் அப்படியொன்றும் பழையவள் இல்லை. கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் ஸ்னோ ஒயிட்டை எந்த முத்தமும் எழுப்புவதில்லை. சவப்பெட்டியைச் சுமந்துபோகும் வேலைக்காரர்கள் இடறுகிறார்கள், தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது, அவ்வளவுதான். தவளை இளவரசன் கதையிலும் முத்தம் கிடையாது. அந்தப் பெண் தவளையைத் தூக்கிச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள், அவன் இளவரசன் ஆகிறான். ஸ்னோ ஒயிட்டை முத்தம் கொடுத்து எழுப்பியது 1937இல் வந்த டிஸ்னி படம். மெல்லிய குரலும், பறவைகளோடு பாட்டும், காத்திருப்பும் உலகம் முழுவதும் இளவரசியின் இலக்கணம் ஆனது அந்தப் படமும் அதன் பின்னால் வந்தவையும் செய்த வேலை. இன்றைய அனிமேஷன் படங்கள் உடைப்பதாகச் சொல்லும் மரபில் பெரும்பங்கு அனிமேஷன் ஸ்டூடியோவே செய்து கொடுத்ததுதான்.

அதைச் செய்த விதமும் ஒரு தொழில்காரனுக்குச் சுவாரசியமானது. ஸ்னோ ஒயிட்டின் அசைவுக்கு மார்ஜ் பெல்ச்சர் என்ற இளம் நடனப் பெண்ணை ஆடவைத்துப் படம்பிடித்து, அதை வைத்து வரைந்தார்கள். ஆனால் வரைகிற மேசையில் பெண்களுக்கு இடமில்லை. 1938இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு, படைப்பு சார்ந்த வேலைகளை இளைஞர்கள்தான் செய்கிறார்கள், பெண்களுக்கு, வரைந்த கோடுகளுக்கு மையிட்டு வண்ணம் தீட்டும் இங்க் அண்ட் பெயின்ட் பிரிவு மட்டுமே என்று டிஸ்னி ஸ்டூடியோ அனுப்பிய பதில் கடிதம் இன்றும் கிடைக்கிறது. 1959இல் வந்த ஸ்லீப்பிங் பியூட்டியில் இளவரசி அரோரா, சூனியக்காரி மெலஃபிசென்ட் இருவரையும் மேற்பார்த்து அனிமேட் செய்தவர் ஒருவரே, மார்க் டேவிஸ். ஒரே கைதான். மெலஃபிசென்டுக்கு ஏளனம், பொறுமையின்மை, வெறி, களிப்பு எல்லாம் உண்டு. அரோராவுக்கு அழகு உண்டு. படத்தின் பின்பாதியில் அவள் வாய் திறந்து பேசுவதுகூட இல்லை. கெட்டவளாக இருந்தால்தான் முகத்தை முழுசாகப் பயன்படுத்த அனுமதி என்ற விதி அப்போதே போடப்பட்டுவிட்டது.

2001இல் ஷ்ரெக் வந்தது. தேவதைக் கதைப் புத்தகத்தின் பக்கத்தைக் கிழித்துக் கழிப்பறையில் பயன்படுத்துவதுதான் படத்தின் முதல் சிரிப்பு. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை முதன்முதலில் வாங்கிய படமும் அதுதான். பறவையோடு பாடும் இளவரசியின் உச்சஸ்தாயியில் அந்தப் பறவை வெடித்துவிடும், அவள் அதன் முட்டைகளைப் பொரித்துக் காலை உணவாக்குவாள். இதெல்லாம் நகைச்சுவை. எனக்குப் பெரிதாகத் தெரிவது கடைசிக் காட்சி. முத்தம் கிடைக்கிறது, ஒளி சூழ்கிறது, சாபத்தால் ராட்சசியாகும் இளவரசி ஃபியோனா அழகியாக மாறாமல் கீழே இறங்கி வருகிறாள், பச்சைத் தோலும் அகன்ற முகமுமாக அப்படியே. இது ஒரு உடம்பு பற்றிய முடிவு. பத்து ஆண்டுகளுக்கு முன் வந்த பியூட்டி அண்ட் தி பீஸ்டில் கடைசி நிமிடத்தில் மிருகம் அழகான இளைஞனாகி நிற்கும்போது, அவ்வளவு நேரம் பழகிய ஆளை எங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்கத் தோன்றும். ஷ்ரெக் அந்தத் தவறைச் செய்யவில்லை. ஆனால் அதே படம் ஃபார்க்வாட் பிரபு குள்ளம் என்பதை வைத்து ஓயாமல் கிண்டல் அடிக்கிறது. தோற்றத்தை வைத்து ஆளை எடைபோடாதே என்று சொல்லிக்கொண்டே வில்லனை உயரத்தை வைத்து எடைபோடுகிறது. நாங்கள் செய்த தொடரும் அப்படித்தான். அதில் கெட்டவர்கள் எல்லோருக்கும் மூக்கு பெரிது.

டிஸ்னியின் ஃப்ரோஸன் படம் வந்த 2013இல் எங்கள் வட்டாரத்தில் ஒரு பேட்டி சுற்றிக்கொண்டிருந்தது. பெண் பாத்திரங்களை அனிமேட் செய்வது மிகவும் கடினம், அத்தனை உணர்ச்சிகளும் வரவேண்டும், அதேநேரம் அழகும் கெடக் கூடாது என்று அந்தப் படத்தின் அனிமேஷன் தலைவர் சொல்லியிருந்தார். இணையத்தில் பெரிய சண்டையானது. அவர் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொண்டார்கள் என்று டிஸ்னி விளக்கம் கொடுத்தது. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. எங்கள் தொழிலில் எல்லா மாடல் ஷீட்டிலும் எழுதாமல் எழுதியிருப்பதை அவர் மைக் முன்னால் சொல்லிவிட்டார்.

அந்தப் படத்தின் கதை நிஜமாகவே துணிச்சலானது. முதல் வரைவுகளில் வில்லியாக இருந்த அக்கா எல்சா, ஒரு பாட்டு எழுதப்பட்ட பிறகு திசை மாறினாள். உண்மையான அன்பு என்பது தங்கை அன்னா அக்காவுக்காகக் குறுக்கே பாய்வது என்று முடித்தார்கள். சந்தித்த முதல் நாளிலேயே அன்னாவுக்குத் திருமண வாக்குக் கொடுக்கும் இளவரசன் ஹான்ஸ் வில்லன் ஆகிறான். டிஸ்னி அனிமேஷனின் முழுநீளப் படமொன்றை இயக்கிய முதல் பெண் ஜெனிஃபர் லீ, அதன் இரு இயக்குநர்களில் ஒருவர். ஆனால் ஹான்ஸின் ஒரு ஷாட்டைப் பற்றி நாங்கள் டீக்கடையில் நின்று மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். முதன்முதலில் சந்தித்துவிட்டு அன்னா போன பிறகு அவன் தண்ணீரில் விழுந்து, கவிழ்ந்த படகைத் தூக்கிக்கொண்டு அவள் போன திசையைப் பார்த்து மனம் கனிந்து சிரிப்பான். அங்கே அவனைப் பார்க்க யாருமில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் ஒருவன் முகத்தில் வருவதுதான் அவனுடைய உண்மை என்று அனிமேஷன் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அப்படியானால் அந்தச் சிரிப்பு யாருக்கு? தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் நமக்கு. திருப்பத்தைக் காப்பாற்ற ஒரு பொய் ஷாட். நான் அதைக் கள்ளாட்டம் என்பேன். என் நண்பன் ஒருவன், இளவரசனைப் பார்த்ததும் நம்பிவிடும் நம் பழக்கத்தையே அந்த ஷாட் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது என்பான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

அப்புறம் அதுவே ஃபார்முலா ஆகிவிட்டது. நல்லவன் போலத் தெரிகிறவன்தான் வில்லன் என்று இப்போது சின்னக் குழந்தைகளே பாதிப் படத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

உடம்பில் கை வைத்த படம் என்று பிக்ஸாரின் பிரேவைச் சொல்லலாம். அதன் நாயகி, வில்லாளி இளவரசி மெரிடாவின் சுருட்டைத் தலைமுடிக்காக அங்கே முடியின் அசைவைக் கணக்கிடும் புதிய சிமுலேஷன் மென்பொருளே எழுதினார்கள், சுமார் 1,500 சுருள்களைத் தனித்தனியாக வடிவமைத்தார்கள். இறுக்கமான உடையில் அவளால் வில்லை வளைக்க முடியவில்லை, உடைதான் கிழிகிறது. கதையை உருவாக்கிய பிரெண்டா சாப்மன் தன் மகளை மனதில் வைத்து எழுதியது அது. அவரைப் பாதியில் இயக்குநர் பொறுப்பிலிருந்து மாற்றினார்கள் என்பது தனிக்கதை. படத்துக்கு ஆஸ்கர் கிடைத்த அதே 2013இல், டிஸ்னியின் இளவரசிகள் வரிசையில் மெரிடாவை முறைப்படி சேர்த்தபோது வெளியிட்ட படத்தில் இடுப்பு சிறுத்திருந்தது, உடை தோளிலிருந்து இறங்கியிருந்தது, முடி படிந்திருந்தது, வில் காணாமல் போயிருந்தது. சாப்மனே பகிரங்கமாகக் கண்டித்தார். எதிர்ப்பு மனுவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். படத்தில் புரட்டியதைப் பொம்மைக் கடை மறுபடி நிமிர்த்தி வைத்த கதை இது.

2018இல் ரால்ஃப் பிரேக்ஸ் தி இன்டர்நெட் முன்னோட்டம் வந்தபோதும் இதே சங்கதி. இளவரசிகள் எல்லோரும் பைஜாமாவும் டிஷர்ட்டுமாக உட்கார்ந்து தங்கள் கதைகளையே கிண்டல் செய்யும் காட்சி, நல்ல கற்பனை. ஆனால் அதில் கறுப்பின இளவரசியான தியானாவின் தோல் வெளுத்திருந்தது, மூக்கு கூர்மையாகியிருந்தது. கறுப்பின ரசிகர்கள் கேள்வி எழுப்பிய பிறகு ஸ்டூடியோ திருத்திச் செய்தது. ஒரு பாத்திரத்தின் முகத்தையே மாற்றி, கணினியில் இறுதிப் படங்களைத் திரும்ப உருவாக்குவது (ரெண்டர்) எவ்வளவு பெரிய ரீடேக், அதாவது மறுவேலை, என்று எங்களுக்குத் தெரியும். கேட்டால் நடக்கும் என்பதும் தெரிந்தது.

எங்கள் தொடருக்கு வருகிறேன். இளவரசி காட்டுக்குள் ஓடும் ஷாட் எங்கள் அணியிலேயே மூத்த ஒரு அக்காவுக்குப் போனது. முந்தைய எபிசோடுகளில் அவள் முழங்கை இடுப்பை ஒட்டி, முழங்கால்கள் உரச, விரல் நுனியில் ஓடிக்கொண்டிருந்தாள். அக்கா மொட்டை மாடிக்குப் போய் ஒருவனைப் போனில் எடுக்கச் சொல்லித் தானே ஓடினார். துப்பட்டாவை முடிந்துகொண்டு, மூச்சிரைக்க, பாதம் முழுதும் தரையில் பட. "அக்கா, இளவரசி இப்படியா ஓடுவா?" என்று அந்தப் பையன் கேட்டான். "21ஜி பஸ் கிளம்பிட்டா நான் எப்படி ஓடுவேன்னு நீ பார்த்ததில்லையே தம்பி" என்றார். அந்த ரெஃபரன்ஸை வைத்து அவர் செய்த பிளாக்கிங்கில், அதாவது அசைவின் முதல் வரைவில், இளவரசிக்கு முதல் தடவையாக எடை வந்தது. தோள் ஏறி இறங்கியது, தலை முன்னால் நீண்டது. அன்றன்றைய வேலையைப் போட்டுப் பார்க்கும் டெய்லீஸில் பார்த்தவர்கள் கைதட்டினோம். கிளையன்டிடமிருந்து வந்த குறிப்பு: ஆற்றல் அருமை, கொஞ்சம் நளினம் சேர்க்கவும். நளினம் சேர்த்துச் சேர்த்து, ஒப்புதல் கிடைத்தபோது முழங்கை பழையபடி இடுப்பை ஒட்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா எல்லோரையும் உட்காரவைத்து ஜப்பானிய ஸ்டூடியோ கிப்லியின் பிரின்சஸ் காகுயா படத்தைப் போட்டுக் காட்டினார். இஸாவோ தகஹாடா இயக்கியது, 2013இல் வந்தது, ஜப்பானின் மிகப் பழைய கதையொன்றை எடுத்துச் செய்தது. அதில் கிராமத்துப் பெண்ணைத் தலைநகருக்குக் கொண்டுவந்து இளவரசியாக்கப் பார்க்கிறார்கள். புருவத்தை மழித்தெடுக்க வேண்டும், பல்லைக் கறுப்பாக்க வேண்டும். புருவம் இல்லாவிட்டால் வியர்வை கண்ணுக்குள் போகுமே என்று அவள் மறுக்கிறாள். பிறகு விருந்தில் குடிகாரர்களின் பேச்சு காதில் விழுந்ததும் ஓடுகிறாள். கதவுகளை முட்டிக்கொண்டு, பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஓடும்போது அவளுடைய கோடே மாறுகிறது. நீர்வண்ண மென்மை போய், கரித்துண்டால் கிழித்த கிறுக்கலாகிறது. சில ஃப்ரேம்களில் முகம் என்று ஒன்றே இல்லை. எங்கள் அறையில் யாரும் பேசாமல் பார்த்தார்கள், பிறகு ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டினோம். அந்தப் படத்துக்கு ஏறக்குறைய எட்டு ஆண்டுகளும் 500 கோடி யென்னும் செலவானது, வசூல் அதில் பாதியளவுக்குத்தான் வந்தது. எங்களுக்கோ அனிமேட்டருக்கு வாரத்துக்கு இத்தனை விநாடி என்று கணக்கு.

ஆனாலும் எங்களுக்கு ஸ்மியர் என்று ஒரு சந்து உண்டு. வேகமான அசைவில், நடுவே ஓரிரு ஃப்ரேம்களில் உருவத்தை இழுத்து, கோணலாக்கி, கண்ணுக்கு வேகம் தெரியவைப்பது. ஒரு ஃப்ரேம் என்பது விநாடியில் 24இல் ஒரு பங்கு, யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அக்கா வாள்வீச்சு ஷாட்டில் லிமிட்டைத் தாண்டி, பொம்மையின் வடிவத்தையே நேரடியாக இழுத்து, இளவரசியின் புருவம் கண்ணில் இறங்க, வாய் காதுவரை கிழிய ஒரு ஃப்ரேம் வைத்தார். அதே ஷாட்டில் டிராகனுக்கும் அதுபோல் ஒன்று. அடுத்த வாரம் கிளையன்டிடமிருந்து ஃப்ரேம் எண் குறிப்பிட்டு ரீடேக் வந்தது. இளவரசியின் ஸ்மியரை எடுத்துவிடவும், டிராகனுடையது நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள்.