ஓரளவு தெரியும்

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?” என்று இன்ஜின் கம்பெனிக்காரர் போனில் கேட்டார். “ஓரளவு தெரியும்” என்றேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. அந்த ‘ஓரளவு’ இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. அதே அழைப்பில் என் மாணவியும் இருந்தாள், மியூட்டில்.

அவர்களுக்கு நாங்கள் செய்து கொடுத்தது ஒரு கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி: அலுமினா மேல் 2 சதவீதம் பெல்லடியம். காற்றை அதிகமாகக் கலந்து எரிக்கும் லீன்-பர்ன் கேஸ் இன்ஜின் புகையில் எரியாமல் தப்பும் மீத்தேனை எரிக்க வேண்டும். நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும் வாயு, அப்படியே விட முடியாது. லேசில் பிடிகொடுக்கவும் செய்யாது. முதல் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கவே மோலுக்கு 439 கிலோஜூல் வேண்டும். 400 டிகிரி பக்கம் இந்த வேலைக்குப் பெல்லடியம் ஆக்சைடை விட்டால் உருப்படியான ஆள் குறைவு. சூடு ஏற ஏற எவ்வளவு எரிகிறது என்று காட்டும் எங்கள் லைட்-ஆஃப் வளைவில் பாதி மீத்தேன் 335 டிகிரியிலேயே எரிந்துவிட்டது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது அந்த வளைவு. உலர்ந்த வாயுவில் எடுத்தது.

இன்ஜின் புகை உலர்ந்ததில்லை. பத்து சதவீதம் போல நீராவி இருக்கும். அதனால் கம்பெனிக்காரர்களுக்கு வளைவைக் காட்டும் மீட்டிங்குக்கு முந்தின வாரம் மாணவி தண்ணீர் விட்டு ஒரு ரன் போட்டாள். ராத்திரி எட்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாயுவை அளக்கும் ஜிசி கருவிக்கு முன்னால் இருக்கும் குழாய் முழங்கையில் ஹீட்டிங் டேப் சரியாகச் சுற்றாமல் ஒரு சொட்டு நீர் கோத்துக்கொண்டு நின்றது. அதனால்தான் எண் கெட்டுப்போச்சு என்று நினைத்து டேப்பைப் பிரித்து மறுபடி சுற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். எண் மாறவில்லை. 400 டிகிரியில் 95 சதவீதத்தில் நின்றிருந்த கன்வெர்ஷன், அதாவது எரிந்துபோகும் மீத்தேனின் பங்கு, ஒரு மணி நேரத்துக்குள் 30க்குக் கீழே வந்துவிட்டது. தண்ணீரை நிறுத்தினால் ஏறியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. உலர்ந்த காற்றில் 550 வரை கொண்டுபோய் வைத்த பிறகுதான் வந்தது. நீராவி பெல்லடியம் ஆக்சைடின் மேல் ஹைட்ராக்சிலாக (ஓ-எச் துண்டாக) உட்கார்ந்துவிடும், 450க்குக் கீழே எழுந்திருக்க மனசு வராது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. மீத்தேன் நின்றுகொண்டே வர வேண்டியதுதான்.

“சார், இந்த ஸ்லைடையும் சேர்த்துடட்டுமா?”

“ஒரே ஒரு ரன்தானேம்மா. ரிப்பீட் ஆகட்டும். கேட்டா வாயால சொல்லிக்கலாம்.”

யாரும் கேட்கவில்லை. வளைவுக்கு அடியில் 10 பாயிண்ட் எழுத்தில் ‘உலர் வாயு’ என்று போட்டிருந்தோம். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ரன்னை நம்பி ஸ்லைடு போடக் கூடாது, அது சரியான பழக்கம்தான். இதைத்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தவிர, அவர்கள் இன்ஜின்காரர்கள். ஒரு மீத்தேன் எரிந்தால் இரண்டு தண்ணீர் என்பது அவர்களுக்குத் தெரியாதா? இன்னும் கேட்டால் உலர் வாயு என்று ஒன்று கிடையவே கிடையாது. எங்கள் வாயுவில் மீத்தேன் 0.5 சதவீதம். அது முழுசாக எரிந்தாலே 1 சதவீதம் தண்ணீர் உள்ளேயே உண்டாகிவிடும். இதை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

அதே வகுப்பில் இன்னொன்றும் சொல்வேன்: இந்த வினையில் தண்ணீரின் ஆர்டர் கிட்டத்தட்ட மைனஸ் ஒன்று. தண்ணீர் இரட்டித்தால் வேகம் பாதி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். அப்படியானால் அன்று அந்த எண்ணில் எனக்கு என்ன சந்தேகம் இருந்திருக்க முடியும்? எதற்கு ரிப்பீட்?

இரண்டு மாதம் கழித்து அவர்கள் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓட்டினார்கள். 420 டிகிரியில் ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். அப்போதுதான் நீராவி விஷயத்தைச் சொன்னேன், அப்போதுதான் அந்தக் கேள்வி.

திரும்பி வந்த கேட்டலிஸ்ட் துண்டை, மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்பிஎஸ் கருவியில் வைத்தால் சல்பேட், அதாவது கந்தகம், இருந்தது. இன்ஜின் ஆயிலிலிருந்து வந்திருக்கலாம், கேஸில் வாசனைக்காகக் கலக்கும் மெர்காப்டனிலிருந்தும் வந்திருக்கலாம். சல்பர் டை ஆக்சைடு 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தாலே பெல்லடியம் மெல்ல மெல்லச் செத்துப்போகும். எதனால் போனது, நீராவியாலா கந்தகத்தாலா? மணிக்கணக்கில் டேட்டா எடுத்து வைத்திருந்தால் பிரித்துச் சொல்லலாம், அவர்களிடம் அது இல்லை. சல்பேட்டைக் கண்டதும் ரெண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். கந்தகத்தைப் பார்த்து சந்தோஷப்பட்ட கேட்டலிஸ்ட் ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அந்த ஸ்லைடைக் காட்டியிருந்தால் புராஜெக்ட் அன்றே நின்றிருக்கும். அதில்தான் அவளுடைய மூன்றாம் வருஷ ஸ்டைபெண்ட் இருந்தது. அவளுக்காகத்தான் செய்தேன் என்று சில நாள் தோன்றும். ஆனால் அந்த ராத்திரி ஸ்டைபெண்ட் ஞாபகமே வந்ததாக நினைவில்லை. வளைவு அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

அவள் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தீசிஸில் இரண்டு வளைவையும் ஒரே அச்சில் போட்டிருந்தாள், நீராவி விட்டதை முதலில். ஒரு கமாவைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் புதுப் பையன் ஒருவன் கோபால்ட் சேர்த்த சாம்பிளின் வளைவைக் கொண்டுவந்தான். மறுநாள் ரிவ்யூ.

“தண்ணி விட்டியாப்பா?”

“சாச்சுரேட்டர் ரிப்பேர் சார். அடுத்த வாரம்தான் வரும்.”

சரி, கீழே உலர் வாயு என்று எழுதிவிடு என்றேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொன்னேன்.