விஸ்லியில் ஒரு வெள்ளைப் பூ

இங்கிலாந்தில், வோக்கிங் ஊரில் முதல் குளிர்காலம் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. நாலு மணிக்கே இருட்டிவிடும். மூலனூரில் இருக்கும் அப்பாவுக்குக் காது மந்தம், போனில் பேச முடியாது. அதனால் மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். அதிலும் குளிரைத் தவிர எழுத ஒன்றும் இருக்காது.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு, பக்கத்தில் இருக்கும் விஸ்லி தோட்டத்துக்குப் போனேன். பேட்டில்ஸ்டன் குன்றில் இலையே விடாத மக்னோலியா மரங்கள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. அதில் ஒரு வகைக்குப் பெயர் 'ஜானகி அம்மாள்'. இந்த ஊரில் 'அம்மாள்' என்ற சொல்லைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஜானகி அம்மாள் ஒரு தாவரவியலாளர். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்பினம் செய்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுவதும் இங்கிலாந்தில் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் விஸ்லிக்கு வந்து, மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்ச்சிசின் என்ற ரசாயனத்தைக் கொடுத்து குரோமோசோமை இரட்டிப்பாக்கினார். அந்த வேலையில் வந்த மரத்துக்குத்தான் அவர் பெயர். 1977இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. கடைசிக் காலத்தில்கூட மதுரவாயலில் செடிகளோடுதான் இருந்தார். எனக்கு அந்தப் பட்டத்தைவிட இந்த மரம்தான் பெரிதாகப் படுகிறது.

அன்று ராத்திரி அப்பாவுக்கு நாலு பக்கம் எழுதினேன். கால்ச்சிசின் எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் காட்டில் கம்பியில் ஏறிக் கிடக்கும் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், அதன் விதையில் இருப்பதும் அதே சரக்குதான். மருந்து செய்ய அதைத்தான் வாங்கிப் போகிறார்கள். விடிந்ததும் பூப்பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. பள்ளிக்கூடம் போகுமுன் நானும் அப்பாவோடு நின்று தொட்டிருக்கிறேன். வந்து ஐந்து மாதமாக அதை நினைக்கவே இல்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. குளிரைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை.

"கண்ணு, அந்தம்மாவும் பூவுக்குப் பூ தொட்டுத்தானே வெச்சிருப்பாங்க. இடுப்பு என்ன வலி வலிச்சிருக்குமோ. சரி, மறுபடியும் போனா, மரம் எவ்வளவு பருமன்னு கையில அளந்து பார்த்து எழுது."

போன சனிக்கிழமை போய் அளந்துவிட்டு வந்தேன்.