முத்திரை விழுந்த குடும்பங்கள்

ஞாயித்துக்கெழமை ஆனா ஈரோட்டுல நாங்க ஆடறது எபரானுங்க. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு, ஆளுக்கொரு வேசம் எடுத்து பகடை உருட்டிக் கதையா ஆடற ஆட்டம். அதுல 2004ல வந்த கற்பனை உலகம். சில குடும்பத்து ரத்தத்துக்கு மட்டும் டிராகன் முத்திரை. தோல்ல நீலமா கொடியாட்டம் படரும். பொறந்த எல்லாத்துக்கும் வராது.

ஒவ்வொரு குடும்பத்து முத்திரைக்கும் ஒரு தொழில். வைத்தியம் ஜொராஸ்கோ வீட்டுக்கு. காசு வெக்காம காயத்தத் தொடமாட்டாங்க. வானக்கப்பல் லிராண்டார் வீட்டுக்கு. மந்திரம்னு பேரு, நடக்கறது பூரா யாவாரம்! அந்த உலகத்துச் சட்டமான கோர்த் சாசனப்படி இவங்க நிலமோ பட்டமோ வெச்சுக்கக் கூடாது. ஆனா ராஜாவே இவங்க வாசல்லதான் நிக்கோணும்.

ஆட்டத்துல நம்ம ஆளு வடாலிஸ் வீட்டுக்காரன். மாடு கன்னு வளக்கற முத்திரை. கண்ணபுரம் சந்தைக்கு வந்தா காங்கேயங் காளைக்குப் பல்லுப் புடிச்சுப் பாத்து, துண்டுக்குள்ள வெரல் போட்டு வெலை பேசிருவான்னு பசங்க ஓட்டறானுங்க.

அடுத்த வாரம் ஒரு எடம் காலி. வாறவங்க சொல்லுங்க.