தாத்தாவோட கயித்துக் கட்டில்

காலைல பாலக்கோட்ல தாத்தா தொங்கிப்போன கயித்துக் கட்டிலை இழுத்துக் கட்டிட்டு இருந்தாரு, நான் சும்மா இருக்காம குறுக்கால இன்னும் நாலு கயிறு போடலாமேன்னேன்.

"போட்டா கல்லு மாதிரி ஆயிடும், காத்தும் வராது, நீயே படுத்துக்க"ன்னாரு.

அப்படியே போன வாரம் லேப்ல பட்டது ஞாபகம் வந்துருச்சு.

ஃப்யூயல் செல்னா ஹைட்ரஜன் மாதிரி எரிபொருளை எரிக்காம கரண்டா மாத்தற கருவி. அது நடுவுல ஒரு பாலிமர் படலம் இருக்கும், மெம்ப்ரேன். புரோட்டானை விடணும், ஹைட்ரஜன் கேஸை விடக்கூடாது. புரோட்டான் நகர உள்ள தண்ணி வேணும், அதுக்குத்தான் பாலிமர்ல தண்ணியை இழுத்துப் பிடிக்கற சல்ஃபோனிக் ஆசிட் குரூப்பை ஏத்தறது. நான் கொஞ்சம் ஓவரா ஏத்திட்டேன். 80 டிகிரி தண்ணில போட்டதும் ஊறின அப்பளம் மாதிரி கொழகொழன்னு ஆகி, இடுக்கியால தூக்கும்போதே ரெண்டா கிழிஞ்சிருச்சு.

இதுக்கு ஒரு வைத்தியம் கிராஸ்லிங்கிங், அதாவது பாலிமர் சங்கிலிகளுக்கு குறுக்கால முடிச்சு போடறது. வீக்கம் குறையும், மெத்தனால்ல ஓடற செல்லுன்னா மெத்தனால் கசியறதும் குறையும். முடிச்சு ஜாஸ்தியானா தண்ணி போற வழி சுருங்கி புரோட்டான் திணறும், படலம் காஞ்சா நொறுங்கும். சில முடிச்சு அந்த ஆசிட் குரூப்பையே பிடிச்சு வச்சுக்கும், அதான் கொடுமை.

நாளைக்கு முடிச்சு அளவை மாத்தி மாத்தி மூணு சாம்பிள் போடணும்.

தாத்தா கயித்தை விரலால சுண்டிப் பாத்துட்டு இன்னும் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாரு.